டி.டி.பி.: பிறவியிலேயே வருவதும் பிறகு வருவதும் – டர்பன் குடும்பம் ஒன்றின் கேள்வி பதில்கள்

திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த்துக்கு நான் மருமகளாக வந்து இருபது வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் நாத்தனாருக்கு டி.டி.பி. என்ற நோய் வந்தது. அதுவரை நாங்கள் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. வீட்டிலும் சொந்தத்திலும் அடுத்தடுத்துக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நான் மருத்துவர் இல்லை. ரத்த நோய் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டும், வாங்கிப் படித்தும் தெளிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே பெயரைக் கேட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

டி.டி.பி. என்றால் என்ன?

முழுப் பெயர் திராம்பாட்டிக் திராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா. உடம்பெங்கும் உள்ள மிகச் சிறிய ரத்தக் குழாய்களில், காரணமில்லாமல் ரத்தம் உறைந்து குட்டிக் குட்டிக் கட்டிகளாக அடைத்துக்கொள்ளும் நோய். மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றும் முதலில் அடிபடும். 1924-இல் நியூயார்க்கில் எலி மாஸ்கோவிட்ஸ் என்ற மருத்துவர், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சில நாட்களிலேயே இறந்துபோனதை ஆராய்ந்து முதன்முதலாக இதை எழுதினார். அரிய நோய்தான். பிறகு வரும் வகை, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரும். பிறவி வகை அதைவிட மிக அரிது, டி.டி.பி. நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள்.

ரத்தம் உறைகிற நோய் என்கிறீர்கள். ஆனால் தோலில் ரத்தப் புள்ளி வருகிறதே, பிளேட்லெட்டும் குறைகிறதே?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். எனக்குப் புரிந்தது பூக்கட்டும்போது.

ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் என்றொரு புரதம் இருக்கிறது. நீண்ட நூல் மாதிரி. காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் இந்த நூலில் வந்து ஒட்டிக்கொண்டு ரத்தத்தை நிறுத்தும். குழாயின் உள்சுவர் இந்த நூலை விடும்போது அளவுக்கு மீறி நீளமாகத்தான் விடும். அதை அவ்வப்போது நறுக்கிச் சிறிதாக்குவதற்கு ஒரு கத்தரி உண்டு. அந்தக் கத்தரிதான் ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி.

கத்தரி இல்லாமல் போனால்? நூல் அறுபடாமல் நீண்டுகொண்டே போகும். காயமே இல்லாத இடத்தில்கூடத் தட்டணுக்கள் அதில் சரம் சரமாகக் கோத்துக்கொள்ளும். பூவெல்லாம் சரத்தில் போய்விட்டால் கூடையில் என்ன மிஞ்சும்? தட்டணு எண்ணிக்கை விழுவது அதனால்தான். கையில் இருப்பதெல்லாம் வேண்டாத இடத்தில் செலவாகிவிடுகிறது. வேண்டிய இடத்தில் ரத்தம் கசிகிறது. அடைபட்ட குழாய்களில் நுழைந்து வரும் சிவப்பணுக்களோ கிழிந்து துண்டாகின்றன. ரத்தசோகை வருவது அதனால். அந்த உடைந்த துண்டுகளை மருத்துவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவார்கள்.

பிறவி வகைக்கும் பிறகு வரும் வகைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் இல்லாமல் போவது அதே கத்தரிதான். ஏன் இல்லை என்பதில்தான் வித்தியாசம்.

பிறவி வகையில் கத்தரி செய்யும் மரபணுவே பழுது. அந்த மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது, 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஷுல்மன் 1960-இலும் அப்ஷா 1978-இலும் எழுதிய நோயாளிகளை வைத்து இதற்கு அப்ஷா–ஷுல்மன் நோய் என்றும் பெயர் உண்டு.

பிறகு வரும் வகையில் மரபணு நன்றாகத்தான் இருக்கும், கத்தரியும் உருவாகும். ஆனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, அந்தக் கத்தரியையே பகையாக நினைத்து எதிர்ப்புப் புரதம் செய்து முடக்கிவிடும். 1998-இல் இது உறுதியானது. பெரும்பாலும் நடுவயதில் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களோடு சேர்ந்தும் வரும், எச்.ஐ.வி.யோடும் வரும், எந்தக் காரணமும் தெரியாமலும் வரும்.

"டி.டி.பி." என்று மருத்துவர் சொன்னதும் அதோடு நின்றுவிடாதீர்கள். "எந்த வகை?" என்று கேளுங்கள். மருந்தும் மாறும், வீட்டில் யார் யாருக்குச் சோதனை வேண்டும் என்பதும் மாறும், அடுத்த குழந்தையைப் பற்றிய முடிவும் மாறும்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ரத்தத்தில் ஆடம்ட்ஸ்-13 எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள். பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் டி.டி.பி. அதோடு எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால் பிறகு வந்த வகை. இல்லாமல், நோய் தணிந்த பிறகும் கத்தரி ஏறாமலே இருந்தால் பிறவி வகையாக இருக்கலாம். மரபணுச் சோதனை அதை உறுதி செய்யும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சிகிச்சையாகப் பிளாஸ்மா ஏற்றுவார்கள்; ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவம் அது, கத்தரி இருப்பது அதில்தான். இந்தச் சோதனைக்கான ரத்தத்தை அதை ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் அடுத்தவர் கொடுத்த கத்தரியும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை சிகிச்சைக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு உடனே பிளாஸ்மாவைத் தொடங்குவதுதான் முறை.

அறிகுறிகள் என்ன? உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

ஒரு வாரமாகவே நாத்தனாருக்கு அசதி. விரதம் இருக்கிறாள், அதனால்தான் என்று நினைத்தோம். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தட்டணுவை எண்ணவே இல்லை. அப்படி வீணாய்ப் போன மூன்று நாளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் காவடிக்கு மஞ்சள் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், "அண்ணி, இங்கே பாருங்களேன், எறும்பு கடித்த மாதிரி இருக்கு" என்று காலைக் காட்டினாள். கெண்டைக்காலில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், கொலுசு படும் இடம் வரைக்கும். அரிப்பில்லை, தடிப்பில்லை. நான் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்த்தேன். எறும்புக்கடியின் சிவப்பு என்றால் அழுத்தும்போது மறையும். இது மறையவில்லை. ராத்திரி பத்து மணிக்கு, தன் மகன் பெயரைச் சொல்ல வந்து வாய் குழறினாள். அப்புறம் நாங்கள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எண்ணியபோது தட்டணு 9,000. சாதாரணமாக 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

காய்ச்சல், ரத்தசோகை, தட்டணுக் குறைவு, மூளைக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று ஐந்து அறிகுறிகளைப் பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும். ஐந்தும் ஒன்றாக வருவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. தட்டணுக் குறைவும், சிவப்பணு உடைவதால் வரும் சோகையும் சேர்ந்து, வேறு காரணம் தெரியவில்லை என்றால் அதுவே இந்தச் சந்தேகத்துக்குப் போதும். தலைவலி, குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நெஞ்சுவலி, வயிற்றுவலி, கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப்போதல் எல்லாம் வரலாம். வந்து வந்து போகவும் செய்யும். "இப்போ சரியாயிடுச்சு" என்று நம்பிவிடக் கூடாது.

இது எவ்வளவு ஆபத்து?

சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. சரியான சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் வித்தியாசம் விழும் நோய் இது.

எங்கே போக வேண்டும்?

பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே. ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை போன்ற உயர்நிலை மருத்துவமனைகளுக்கு நேராகப் போய் நிற்க முடியாது. இன்னொரு ஆஸ்பத்திரி எழுதி அனுப்ப வேண்டும். அதனால் முதல் ஆஸ்பத்திரியிலேயே, "ரத்த நோய் மருத்துவரிடம் போனில் பேசினீர்களா?" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்களுக்கு, உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சை இந்த நாட்டுச் சட்டப்படி கட்டாயச் சலுகைகளில் சேரும்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

எங்களுக்கும் திருச்சியிலிருந்து அதே போன் வந்தது. அங்கே டெங்கு வந்து தட்டணு குறைந்தால் எல்லோரும் சொல்வது அதுதான், பாசத்தில் சொல்கிறார்கள். இந்த நோய்க்கு அது மருந்தில்லை. இங்கே தட்டணு உற்பத்தியில் குறையில்லை, சரத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறது. கத்தரியைக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை.

அப்படியானால் தட்டணுவையே ஏற்றிவிடலாமே?

பொதுவாக ஏற்றமாட்டார்கள். புதிதாக ஏற்றுவதும் அந்தச் சரத்திலேயே போய்ச் சேரும், அடைப்பு கூடலாம். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் மட்டும் மருத்துவர் யோசித்து முடிவெடுப்பார். தட்டணு 9,000 என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு "ஏன் ஏற்றவில்லை?" என்று நாங்களும் சண்டைக்குப் போனோம். அங்கிருந்த பயிற்சி மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

பிறகு வரும் வகைக்கு என்ன சிகிச்சை?

முதலில் பிளாஸ்மா மாற்றம். கழுத்து ரத்த நாளத்தில் ஒரு குழாய் போட்டு, ரத்தத்தை இயந்திரம் வழியாகச் செலுத்தி, அதிலிருந்து நோயாளியின் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து வெளியே எடுத்துவிட்டு, தானம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவை உள்ளே விடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர். எதிர்ப்புப் புரதம் வெளியே போகும், கத்தரி உள்ளே வரும். தினமும் செய்வார்கள், தட்டணு 1.5 லட்சத்தைத் தாண்டி இரண்டு நாளாவது நிலைக்கும் வரை. வெளியே எடுத்த பிளாஸ்மா பைகள் இயந்திரத்தின் அடியில் தொங்கின. உருக்கிய நெய்யின் நிறம் என்று நினைத்திருந்தேன். அவளுடையது முதல் நாள் தேயிலைச் சாயம் போல இருந்தது. உடைந்த சிவப்பணுக்களின் நிறம் என்றார் நர்ஸ். ஐந்தாம் நாள் நெய் நிறத்துக்கு வந்தது. தாளில் தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு உயிர் வந்தது அந்தப் பையைப் பார்த்துத்தான்.

கனடாவில் 102 நோயாளிகளை வைத்துச் செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டியது. பிளாஸ்மா மாற்றியவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். மாற்றாமல் பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றிக்கொண்டவர்களில் 63 பேர்.

கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டில் அது எகிறியது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாதவர்கள் குறைவு என்பதால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி, எதிர்ப்புப் புரதம் செய்யும் செல்களையே குறைக்கும். கப்லாசிசுமாப் என்று புதிய மருந்து ஒன்றும் உண்டு. லாமா என்ற ஒட்டக இன விலங்கின் எதிர்ப்புப் புரதத்தை மாதிரியாக வைத்து உருவாக்கியது. தட்டணு அந்த நூலில் ஒட்டாமல் தடுக்கும். ஐரோப்பா 2018-இலும் அமெரிக்கா 2019-இலும் அனுமதித்தன.

பிறவி வகைக்கும் இதேதானா?

இல்லை. அங்கே விரட்ட வேண்டிய எதிர்ப்புப் புரதம் இல்லை. கத்தரியைக் கொடுத்தாலே போதும். அதனால் இயந்திரம் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம். பிளாஸ்மாவைச் சாதாரணமாக ஏற்றினால் போதும். ஏற்றிய கத்தரி உடம்பில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே வேலை நடக்கும் என்பதால், பலருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவது போதுமானதாக இருக்கிறது. ஆய்வகத்தில் உருவாக்கிய ஆடம்ட்ஸ்-13 மருந்துக்கே 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த வகைக்கென்றே வந்த முதல் மருந்து அது.

பிறவி நோய் என்றால் பிறந்ததுமே தெரிந்துவிடும் அல்லவா?

சிலருக்குத் தெரியும். பிறந்த சில மணி நேரத்திலேயே கடுமையான மஞ்சள் காமாலையும் தட்டணுக் குறைவும் வரும். சிலருக்குச் சிறுவயதில் ஒவ்வொரு காய்ச்சலின்போதும் தட்டணு விழும். வேறு தட்டணு நோய் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்திருப்பார்கள். இன்னும் சில பெண்களுக்கு முதல் பிரசவம் வரை ஒன்றுமே தெரியாது. ஒரு குழந்தைக்குத் தட்டணு திரும்பத் திரும்பக் குறைந்து, பிளாஸ்மா ஏற்றியதும் சட்டென்று ஏறினால், இந்த நோயை நினைக்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் வந்ததா?

என் மாமியார் கேட்ட கேள்வி. மாமியாரும் மாமனாரும் மாமன் மகள், அத்தை மகன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் ஐந்தாவது தலைமுறை. மகள் இயந்திரத்தோடு கிடக்கையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, "நாங்க செஞ்ச பாவம் என் பொண்ணு தலையிலே விடிஞ்சுதே" என்று அழுதார்.

மருத்துவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்: உங்கள் மகளுக்கு எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. இது பிறகு வந்த வகை. நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாமியார் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வகை தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பிறவி வகை என்றால் பதில் வேறு. ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்த இருவர் அதே பழுதான பிரதியைச் சுமக்க வாய்ப்பு அதிகம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிரதி மட்டும் சுமப்பவருக்கு நோய் வராது. சொந்தத்தில் கட்டாதவர்களின் பிள்ளைகளுக்கும் வரலாம். யாரும் தெரிந்து செய்வதில்லை, அதனால் யாரையும் பழிக்க ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பிள்ளையின் கூடப் பிறந்தவர்களுக்கும் ஆடம்ட்ஸ்-13 சோதனை. அவர்களுக்கு இன்னும் வெளிப்படாமல் இருக்கலாம்.

எச்.ஐ.வி. சோதனை எதற்கு? எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் இல்லையே!

இந்தக் கேள்வியைக் கோபத்தோடுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

உலகிலேயே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் அதிகம் உள்ள நாடு தென்னாப்பிரிக்கா. டி.டி.பி.யைத் தூண்டும் காரணங்களில் எச்.ஐ.வி. முக்கியமானது; அதனால் இங்குள்ள மருத்துவர்கள் மற்ற நாட்டு மருத்துவர்களைவிட இந்த நோயை அதிகம் பார்த்திருக்கிறார்கள். டி.டி.பி. என்று வந்தால் எல்லோருக்கும் சோதனை உண்டு. இதில் யாருடைய ஒழுக்கத்தையும் யாரும் அளக்கவில்லை.

சொல்லப்போனால், காரணம் எச்.ஐ.வி. என்று தெரிவது சிகிச்சைக்கு வழி காட்டுகிறது. பிளாஸ்மாவோடு எச்.ஐ.வி. மருந்தையும் உடனே தொடங்கினால் நோய் அடங்குகிறது. அந்த மருந்தை விடாமல் எடுப்பவர்களுக்கு டி.டி.பி. திரும்புவதும் குறைவு. மாற்றும் இயந்திரம் இல்லாத இடங்களில் பிளாஸ்மாவை ஏற்றியே தேறியவர்களும் இங்கே உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் எச்.ஐ.வி. மருந்து இலவசம். மறைத்தால் போவது உயிர். தயவுசெய்து, "மானம் போய்விடும்" என்று நோயாளியின் காது கேட்கச் சொல்லாதீர்கள்.

கர்ப்பமானால்?

இரண்டு வகையையும் கர்ப்பம் தூண்டிவிடும். பிறவி வகை உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலம் முழுவதும் முறையாகப் பிளாஸ்மா ஏற்றினால் நல்லபடியாகப் பிரசவம் ஆக வாய்ப்பு உண்டு. பிறகு வரும் வகையில், கருத்தரிப்பதற்கு முன்பே ஆடம்ட்ஸ்-13 அளவைப் பார்த்துவிட்டுத் திட்டமிட வேண்டும். கர்ப்பத்தில் வரும் ரத்தக் கொதிப்பு நோயும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும் என்பதால், பிரசவ மருத்துவரும் ரத்த நோய் மருத்துவரும் பேசிக்கொள்வது அவசியம்.

திரும்ப வருமா?

வரலாம். பிறகு வரும் வகையில் மூன்றில் ஒருவருக்காவது திரும்புகிறது. அதனால் குணமான பிறகும் ஆடம்ட்ஸ்-13 அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: முதலில் மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதம், அப்புறம் ஆறு மாதம் அல்லது வருடம் ஒரு முறை. அளவு விழுந்தால் நோய் வருவதற்கு முன்பே ரிட்டுக்ஸிமாப் கொடுத்துத் தடுக்க முடியும். குணமானவர்கள் சிலருக்கு மறதி, சோர்வு, மனச்சோர்வு நீடிக்கும். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று அவளிடம் நானே ஒரு நாள் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது.

இவ்வளவு பிளாஸ்மா எங்கிருந்து வருகிறது?

தானம் கொடுத்தவர்களிடமிருந்து. ஒரு நோயாளிக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மா தேவைப்படலாம். நம் பக்கத்திலேயே பைன்டவுனில் இருக்கும் தேசிய பயோபுராடக்ட்ஸ் நிறுவனம் பலரின் பிளாஸ்மாவைச் சேர்த்து, கிருமிகளை அழிக்கும் முறைக்கு உட்படுத்தி, உலர்த்திப் பொடியாக்குகிறது. தண்ணீர் கலந்து ஏற்றுவார்கள். ஃபிரீசர் தேவையில்லாததால் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கலாம்.

இந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட ரத்தம் கொடுப்பதில்லை. 16 வயது நிரம்பி, 50 கிலோ எடையும் நல்ல ஆரோக்கியமும் இருந்தால் 56 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஆடியில் கூழ் ஊற்றும் அன்று கோயிலில் ஒரு ரத்த தான முகாம் வைக்கலாமே என்று எங்கள் கோயில் கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

கையோடு என்ன வைத்திருக்க வேண்டும்?

பர்ஸில் ஒரு அட்டை. நாத்தனாரின் மகன் தன் கையெழுத்தில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனக்கு டி.டி.பி. உண்டு, பிறகு வந்த வகை. தட்டணுவை உடனே எண்ணுங்கள். ஆடம்ட்ஸ்-13 சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டுப் பிளாஸ்மாவைத் தொடங்குங்கள். என் ரத்த நோய் மருத்துவரைக் கேட்காமல் தட்டணு ஏற்ற வேண்டாம்." கீழே மருத்துவரின் எண். அதற்கும் கீழே என் எண், "அண்ணி" என்று போட்டு.